ஏழாவது ஜோடி

ஆறாவது ஜோடியையும் கழற்றி ஓரமாக வைத்தார் ராமமூர்த்தி.

“இறுக்கிப் புடிக்குது.”

எழிலரசி பல்லைக் கடித்துக்கொண்டாள். இதே எட்டாம் நம்பரை, வேறு நிறத்தில், ஐந்து நிமிடம் முன்புதான் லூஸ் என்றிருந்தார்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூக் கடையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் போய்விட்டது. வாரத்தில் அவளுக்கு இருப்பதே அந்த ஒரு நாள் லீவு. கடைக்காரர் காஷிஃப் முகத்தில் இருந்த சிரிப்புகூட மூன்றாவது ஜோடியோடு காணாமல் போயிருந்தது.

அடுத்த ஞாயிறு தம்பி கௌதமுக்கு ரிசப்ஷன். அப்பாவுக்கு அவள் வாங்கித் தருவதாக இருந்தது ஒரு ஷூ, அவ்வளவுதான். அவரோ பழைய வார்ச் செருப்போடுதான் மேடை ஏறுவேன் என்கிறார். பக்கிள் போன இடத்தில் நைலான் கயிறு போட்டு, கணுக்காலோடு இறுக்கிக் கட்டிய செருப்பு.

அவள் வாங்காமல் இல்லை.

போன தீபாவளிக்கு சாண்டல் வாங்கிக் கொடுத்தாள். இரண்டாம் நாளே ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டால் கத்தினார். “இன்னா செருப்பு செய்றீங்க நீங்க? எங்க வுழுந்துச்சின்னே தெரில.”

பொங்கலுக்கு வாங்கியதை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். பிறந்தநாளுக்கு வாங்கியது பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

சட்டை வாங்கினால் அன்றைக்கே போட்டுக்கொள்வார். வாட்ச் வாங்கியபோது தெருவில் போனவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். காலுக்கு வாங்கினால் மட்டும்தான் இந்தப் பாடு.

காரணம் எழிலரசிக்குத் தெரியும்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், டிகிரி முடித்த கையோடு ஷூ கம்பெனியில் சேரப்போகிறேன் என்றபோது, பஸ் கண்டக்டராக இருந்த அப்பா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தோல் வேலைக்குப் போவத்தான் படிக்க வெச்சனா?”

பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அவள் சம்பளத்தில் வீட்டுக்கு மாடி எழும்பியது. மாடியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவள் கை பட்ட ஷூவில் மட்டும் கால் வைக்க மாட்டார்.

இன்றைக்கு அவளால் அடக்க முடியவில்லை.

“உனக்கு ஷூ புடிக்கலியா, இல்ல நான் ஷூ கம்பெனியில இருக்கறது புடிக்கலியாப்பா?”

ராமமூர்த்தி திடுக்கிட்டு நிமிர்ந்தார். காஷிஃப் அப்போதுதான் கொண்டுவந்து திறந்து வைத்த ஒன்பதாம் நம்பர் பெட்டியிலிருந்து ஷூவை அவசரமாக எடுத்து, தானே மாட்டிக்கொண்டார்.

கண்ணாடி வரை நடந்தார். திரும்பி வந்தார்.

“கரெக்டா இருக்குது. இதையே கட்டச் சொல்லு.”

இந்த ஒரு வார்த்தைக்கா இத்தனை வருடம்? அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இல்லை. களைப்பாக இருந்தது.

காஷிஃப் ஷூக்களை வாங்கிப் பெட்டியில் வைக்கப்போனவர் நின்றார். வலது ஷூவுக்குள் கையை விட்டு, நசுங்கிப்போன ஒரு காகித உருண்டையை உருவினார். புது ஷூவின் முன்பக்கம் அமுங்காமல் இருக்கத் திணித்து வைப்பது. இடது ஷூவிலும் ஒன்று இருந்தது.

“இன்னா அங்கிள், காகிதத்த எடுக்காமயே நடந்துட்டீங்க?” காஷிஃப் சிரித்தார்.

ராமமூர்த்தியும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக.

எழிலரசி சிரிக்கவில்லை. கம்பெனியில் கடைசிச் சோதனை அவளுடையது. உள்ளே ஒரு நூல் முடிச்சு இருந்தாலும் போடுகிறவர் கால் காட்டிக்கொடுத்துவிடும் என்று, புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள்.

அப்பாவின் காலடியில், தரையில் உட்கார்ந்தாள்.

“கண்ண மூடிக்கப்பா. எந்த விரலப் புடிச்சிருக்கேன்னு சொல்லு.”

“கடையில இன்னாம்மா இது…” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்.

வெகுநேரம் யோசித்தார். நெற்றி சுருங்கியது.

“கட்ட விரல்.”

கண்ணைத் திறந்தார். மகளின் இரண்டு கைகளும் அவள் மடியிலேயே இருந்தன.

காஷிஃப் பெட்டியை மெல்ல மூடிவிட்டு உள்ளே போனார்.

“சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போறப்ப டாக்டர்கிட்ட சொன்னியா?” என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினார். “கால எடுக்கணும்னு சொல்லிட்டா இன்னா பண்றது? கௌதம் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். அம்மாகிட்ட சொல்லிடாத.”

“நாளைக்கு லீவு போடறேன். காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

அவர் மறுக்கவில்லை.

எழிலரசி அவருடைய வலது பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்பதை, குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் ராமமூர்த்தி.