களிமண் பிடி

கொம்பையா வேட்டைக்கத்தி செய்தால், வாங்குகிறவர் கைக்கு அளந்துதான் பிடி செதுக்குவார். ஈரக் களிமண் உருண்டையை நீட்டி, கத்தியைப் பிடிப்பதுபோல் அழுத்தச் சொல்வார். வேட்டைக்கத்தி கேட்டு வந்த ஆவுடைத்தங்கம் அழுத்திக் கொடுத்த விரல் தடங்களைப் பார்த்துத்தான் புளியங்கட்டையில் பள்ளம் எடுத்து, ஆள்காட்டி விரல் பக்கமாக அலகைச் செருகி, அரக்கு ஊற்றி இறுக்கியிருந்தார்.

அவள் கத்தியை வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். “விரல் உக்கார மாட்டேங்கு அண்ணாச்சி.”

பார்த்தால் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அலகு சுண்டுவிரலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை வாங்கி, அலகு மேலே வரும்படி திருப்பி அவள் கையில் வைத்தார். நான்கு விரலும் அச்சாக உட்கார்ந்தன. அவள் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடியே மாற்றிக்கொண்டாள்.

“எனக்கு இப்படித்தான் வேணும். நீங்க அலகை மாத்தி வச்சிட்டியளே.”

கொம்பையாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வேட்டைக்காரர்களில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. “நீ பிடிக்கது ஓங்கிக் குத்துற பிடியாச்சேம்மா. காட்டுல எந்த மிருகம் நம்ம கைக்குக் கீழ வந்து நிக்கும்?”

“நிக்காது. படுத்துத்தான் கெடக்கும்” என்றாள். “மறுபடி அரக்கு இறுக எவ்வளவு நேரமாவும்?”

நெருப்பில் காட்டியதும் அரக்கு இளகி, அலகு தனியே கழன்று வந்தது. அது என்ன மிருகம் என்று குழம்பியபடியே, வெறும் பிடியை அவளைப்போலப் பிடித்து ஓங்கி, மெதுவாக இறக்கிப் பார்த்தார். ஒரு கட்டில் உயரத்துக்கு வந்ததும் கை தானாக நின்றுவிட்டது.