இடது பக்க ஸ்கிரீன்

அக்காவும் அவ வீட்டுக்காரரும் ஒரே கம்ப்யூட்டர்லதான் கல்யாண ஆல்பம் பண்ணுவாங்க. வெளிய ரெண்டு ஸ்கிரீன், உள்ள ஸ்கிரீனுக்கு ஒண்ணா ரெண்டு கிராபிக்ஸ் கார்டு. அவர் இடது பக்கம் போட்டோவைத் திருத்தி, "இந்தா பிடி"ன்னு வலது பக்கம் தள்ளுவார். அக்கா ஆல்பத்துல அடுக்குவா. ஒரே மவுஸுக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்க.

அவர் தவறிப் போனதுலேர்ந்து மெஷின் அடிக்கடி உறைஞ்சு நின்னுச்சு. சாயங்காலம் ஆல்பம் கொடுக்கணும். தம்பி வந்து ஒவ்வொரு கார்டா கழட்டிப் பாத்தான்.

"மாமாவோட கார்டுதான்கா மண்டையப் போட்டிருக்கு." சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டான்.

கார்டைக் கழட்டி மேஜையில வெச்சான். இடது ஸ்கிரீன் ஒயரையும் உருவிட்டான். மெஷின் சமத்தா ஓடுச்சு.

முகம் இருட்டா இருந்த ஒரு போட்டோவை அக்கா பழக்கதோஷத்துல இடது பக்கம் இழுத்தா. அது ஓரத்தைத் தாண்டி மறைஞ்சுது.

"எங்கேக்கா தள்றே? அங்க ஸ்கிரீனே இல்லையே!"

"அய்யோ, கல்யாணப் பொண்ணும் அவ அப்பாவும் சேர்ந்து நிக்கிற ஒரே படம்டா அது!"

அக்கா மவுஸ்லேர்ந்து கையை எடுத்துட்டா. கொஞ்ச நேரத்துல இடது ஓரத்துலேர்ந்து போட்டோ மெதுவா உள்ள வந்துச்சு. ரெண்டு முகமும் பளிச்சுன்னு இருந்துச்சு.

தம்பி மேஜையில கிடந்த கார்டைப் பாத்தான். அக்கா அடுத்த இருட்டுப் போட்டோவை இடது பக்கம் தள்ளினா.