புகார் கொடுத்தவர் பெயர்

சுகுமாரனின் மீன் வேன் நகராண்மைக் கழகத்தின் வாசலில் எஞ்சின் அணையாமல் நின்றது. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாய் கிடந்தது.

காளிதாசன் மட்டும் இறங்கினார். கோயில் தலைவர் அவர். பெயர் உறுதியாகத் தெரியும்வரை எவனும் கை நீட்டக் கூடாது என்று அவர்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

நோட்டீஸ் செவ்வாய்க்கிழமை பூசைக்கு முன்பாக ஒட்டப்பட்டது. முனீஸ்வரர் கோயில் வடிகாலுக்கு ஒதுக்கிய நிலத்தில் நிற்கிறது, பொதுமக்களில் ஒருவர் கொடுத்த புகாரின்பேரில் அளந்தபோது தெரியவந்தது, திங்கட்கிழமை இடிக்கப்படும். எஸ்டேட் விற்கப்பட்ட வருடம் தோட்டத்து மக்கள் சாமியை லாரியில் ஏற்றிவந்து வைத்த இடம் அது. இந்தப் புகார் வரும்வரை அங்கே யாரும் அளவு நாடா பிடித்ததில்லை.

அந்த ஒருவர் யார் என்பதில் தாமான் குடியிருப்பில் எவருக்கும் சந்தேகமில்லை. கோயிலை ஒட்டிய வீட்டு விக்னேஸ்வரன். கூலிம் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன்.

திருவிழா அன்று கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டவன் அவன். அதற்குப் பிறகு அவனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நோட்டீஸ் வந்த மறுநாள் காலையில் அவன் வீட்டு கேட் முழுக்கச் சிவப்புச் சாயம். அவன் மனைவி லோகேஸ்வரி தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். சாயத்தைக் கரைக்கத் தின்னர் வாங்கிக் கொடுத்தது காளிதாசன்தான்.

"போய்ட்டு வாங்க தலைவரே," என்றான் சுகுமாரன். "நீங்க ஒரு போட்டோ அனுப்புனா போதும், லைட்டு, குப்பை, சாக்கடைன்னு இந்த மஜ்லிஸ் ஆபீஸ்காரன் ஓடியாரான். ஒரு பேரச் சொல்ல மாட்டானா?"

வேனில் சிரித்தார்கள். காளிதாசனும் சிரித்தார்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் அட்டையில் நளினி என்று இருந்தது. மலாயில் தொடங்கியவள் அவர் நெற்றியைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். அவர் நோட்டீஸை நீட்டினார். தாம் யார் என்று சொன்னார். எங்கள் கோயிலைப் பற்றி உங்களிடம் இருக்கும் தகவலை எங்களுக்கே மறைப்பது நியாயமில்லை என்றார். குரல் உயரவில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள்.

"புகார் கொடுத்தவங்க பேர வெளியாளுக்குக் காட்டக் கூடாதுண்ணே. அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆவாதும்மா. நான் இருக்கேன்ல."

நளினி கண்ணாடி வழியே வாசலைப் பார்த்தாள். வேனிலிருந்து ஒருவன் இறங்கி நின்று புகைத்துக்கொண்டிருந்தான். அவள் நோட்டீஸில் இருந்த எண்ணைத் தட்டினாள். திரையைப் படித்தாள். பிறகு அவருடைய ஐசி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, திரையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரிண்ணே. உங்களுக்குக் காட்டலாம்."

திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

காளிதாசன் குனிந்து படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். பக்கத்துக் கவுண்டரில் யாரோ வீட்டு வரி பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"வேற யாராச்சும் வந்து கேட்டா இதக் காட்டுவீங்களா?"

"மாட்டோம்ணே. யாருக்கும் காட்ட மாட்டோம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். வெயிலில் கண் கூசியது. வேன் கதவு முன்பே திறந்திருந்தது. புகைத்துக்கொண்டிருந்தவன் சிகரெட்டைக் காலால் நசுக்கினான்.

சுகுமாரன் அவர் முகத்தையே பார்த்தான். "பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"யாரு? சொல்லுங்க தலைவரே. எங்களுக்குச் சொல்ற கடமை உங்களுக்கு இருக்குலா."

காளிதாசன் ஒவ்வொருவராகப் பார்த்தார். கோயிலுக்காக மொட்டை போட்டிருந்தவன். அவன் தம்பி. இன்னொருவன் குழாயை மடியில் எடுத்து வைத்திருந்தான். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"விக்னேஸ்தான்," என்றார்.

யாரும் கத்தவில்லை. இந்நேரம் நல்லாத் தூங்கிட்டிருப்பான் என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். சுகுமாரன் முன் கதவைத் திறந்து அவரை ஏறச் சொன்னான். ஐசியை உள்ளேயே விட்டுவிட்டேன், நீங்கள் போங்கள் என்றார் காளிதாசன்.

வேன் சாலையில் திரும்பி மறைந்தது. மீன் வாடை சற்று நேரம் நின்றது.

அவர் படிகளில் ஏறி வந்தபோது கவுண்டரில் வேறு ஆள் இல்லை. ஐசிக்காகக் கையை நீட்டினார். நளினி அவர் முகத்தைக் கவனித்தாள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. அவள் எழுந்து, ஐசியை இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"மனச விட்டுடாதீங்கண்ணே," என்றாள். "நீங்க சாக்கடை அடைச்சிருக்குன்னுதானே புகார் கொடுத்தீங்க."