ருசி பார்க்கும் முகம்

பாரிஸ் உணவகமொன்றில் முப்பத்தெட்டு வருடம் வைன் பரிமாறிய இராசநாயகம், ஓய்வுபெற்ற மறுநாளே ஒரு பெட்டி போர்தோ சிவப்பு வைன் வாங்கிவந்தார். பன்னிரண்டு போத்தல். அதுவரை ஒரு சொட்டும் அவர் நாக்கில் பட்டதில்லை. சாப்பிட வந்தவரின் கிண்ணத்தில் ஒரு மிடறு ஊற்றிவிட்டு முகத்தையே பார்த்தபடி நிற்பார். புருவம் தளர்ந்து தலையசைந்தால் அது நல்ல வைன். உதடு இறுகினால் போத்தல் திரும்பிப் போகும். அவருக்குத் தெரிந்த ருசியெல்லாம் அவ்வளவுதான்.

இன்று அவர் மேசையில் அமர்ந்துகொண்டு மனைவி திலகவதியை ஊற்றச் சொன்னார். ஊற்றிவிட்டு, அவர் சொல்லிக்கொடுத்தபடியே அவள் போத்தலைத் துணியில் ஏந்தி நின்றாள். குடித்தார். துவர்த்தது. நல்லதா கெட்டதா என்று பிடிபடவில்லை. பழக்கதோஷத்தில் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார். இத்தனை காலத்தில் அந்த முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை. அதில் எதையும் அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை.

"எப்பிடியப்பா இருக்கு?"

"மற்றதைத் திறவும்."

ஏழாவது போத்தலையும் ஊற்றிவிட்டு அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "நல்லதோ இல்லையோ எண்டாவது சொல்லுங்கோவன்."

பன்னிரண்டையும் திறந்தாயிற்று. அவர் தலையசைப்பதற்காக அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.