பொத்தான் கடை

தையல்காரரின் வெட்டு மேசைதான் இப்போது அவர் மகளின் கடை. சாய்ந்த வெயில் கதவு வழியே நுழைந்து, அவள் பரப்பி வைத்திருக்கும் பொத்தான்களின் மேல் விழுகிறது. அப்பாதான் வாடிக்கையாளர். ஸ்பானிஷில்தான் கேட்க வேண்டும். தமிழ் பேசினால் மேசையைச் சுற்றி நொண்டியடிக்க வேண்டும். “ரோஹோ,” என்று அவர் சிவப்புப் பொத்தானைக் காட்டுகிறார். “தயவுசெய்துன்னு சேத்துச் சொல்லணும்ப்பா. மரியாதை வேணாமா?” “பெத்த பொண்ணுகிட்டயே கெஞ்சணுமாடி?” “தமிழ்! நொண்டுங்க!” “நீயும்தானே பேசினே?” “கடைக்காரிக்குச் சட்டம் கிடையாது!” கழுத்தில் அளவு நாடா ஊஞ்சலாட அவர் நொண்டுகிறார். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிடுகிறது.

அடுத்த வாரம் அவள் அம்மாவிடம் போகிறாள். அம்மா நர்ஸாக இருக்கும் வெளிநாட்டு ஊரில் பள்ளிக்கூடம், விளையாட்டு, சண்டை எல்லாமே ஸ்பானிஷில்தான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் தகப்பனாரை விட்டுவிட்டுத் தையல்காரரால் போக முடியாது. அங்கே பிள்ளை வாயடைத்து நிற்கக் கூடாதே என்று, தினமும் தைப்பதை நிறுத்திவிட்டு இவரேதான் பொத்தான் டப்பாவை எடுத்து வைக்கிறார்.

“ஆல்கோ மாஸ்?” என்கிறாள். வேறு ஏதாவது வேண்டுமா என்று அர்த்தம். கண் கொட்டாமல் காத்திருக்கிறாள். வேண்டியதைச் சொல்ல அவர் வாயைத் திறக்கிறார். ‘போகாதே’ என்ற தமிழ்ச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிடுகிறது. அதை விழுங்கிவிட்டு, “அஸூல்,” என்கிறார். அவள் குனிந்து நீலப் பொத்தானைத் தேடுகிறாள்.