நூல் அறுக்கும் மெஷின்

“பார்க்க லட்சணமாத்தான் இருக்கும்மா. ஆனா அரை மணி நேரம் ஓடி சூடாச்சுன்னா போதும், பத்து தையலுக்கு ஒரு தடவை நூல் அறுந்துடும்.”

சொன்னது கடைக்காரர் இல்லை. மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாள். பழைய தையல் மெஷின் ஒன்றைப் பார்க்க வந்திருந்த இளம் தம்பதி திரும்பிப் பார்க்க, கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

மூன்று மாதமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறார் இந்த அம்மாள். அதே மெஷின் முன்னால் நின்று, “ஏதாவது குறைச்சிருக்கீங்களா தம்பி?” என்பார். இல்லை என்றதும் கைப்பையை இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பட்டன் தைக்கக்கூடத் தெரியாது என்று அவரே ஒருநாள் சொல்லியிருந்தார். பிறகு எதற்கு மெஷின்? அடிமாட்டு விலைக்கு வாங்கி வேறு எங்கேயாவது நல்ல விலைக்குத் தள்ளத்தான் என்று கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

வந்திருந்த பெண்ணுக்கோ மெஷினை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. “ஏங்க, நம்ம மெஷின்ல காஜா எடுக்க முடியாம ஒவ்வொரு பட்டன் ஓட்டையையும் கையாலயே தைக்கிறேன். பாதி நாள் அதுலயே போயிடுது. இது ஒரு நிமிஷத்துல எடுத்துடும். போன மாசம் நாப்பது குழந்தைச் சட்டை ஆர்டரை வேணாம்னு திருப்பி அனுப்பினேனே, மறந்துட்டீங்களா?”

“நாப்பத்தஞ்சாயிரம் ஆச்சே!” என்றான் கணவன். “அந்தக் காசுக்கு என் ஓட்டை வேனுக்குப் புது இன்ஜினே போட்டுடலாம்.”

“புதுசு எண்பதாயிரம் சார்” என்றார் கடைக்காரர். “இது ஒரு வருஷம்கூட ஓடலை. வீட்ல இப்ப யாரும் தைக்கிறதில்லைன்னு ஒருத்தர் குடுத்துட்டுப் போனார்.”

“நல்ல மெஷினா இருந்தா குடுத்துட்டுப் போவாங்களாக்கும்!” மூலையிலிருந்து மறுபடியும் குரல்.

“அம்மா, ஊசியில நூல் கோக்கத் தெரியாத நீங்க எதுக்கு நடுவுல வர்றீங்க?”

“தைக்கத் தெரியாட்டி காது கேக்காதா? இதை ஓட்டினா கடகடன்னு வீடே அதிரும். தூளியில தூங்கற குழந்தை வீல்னு எழுந்துடும்.”

கடைக்காரர் ரோஷத்தோடு ஒரு துண்டுத் துணியை எடுத்து மெஷினை ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. தையல் பிசிறில்லாமல் ஓடியது.

“இப்ப அப்படித்தான் ஓடும். சூடாகட்டும், அப்புறம் பாருங்க வேடிக்கையை” என்றார் அம்மாள், விடாமல்.

பெண் குனிந்து ஊசியை உற்றுப் பார்த்தாள். அந்த இடம் இருட்டாக இருந்தது. “இதுக்கு லைட் இருக்கே, ஸ்விட்ச் எங்கயோ…” என்று கடைக்காரர் முன்னும் பின்னும் தடவிக்கொண்டிருந்தார். அம்மாள் எழுந்து வந்து, பார்க்காமலே மெஷினின் பின்பக்கம் விரலை விட்டு அழுத்தினார். ஊசி மேல் வெளிச்சம் விழுந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணவன் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டான். “பார்த்தீங்களா, இவ்வளவு குறை சொல்றாங்க. நாப்பத்தஞ்சு ரொம்ப அதிகம். வாம்மா, போலாம்.”

“நாப்பது குடுங்க சார்.”

கணவன் செருப்பை மாட்டினான்.

“முப்பத்தஞ்சு!… சரி, கடைசியா முப்பது. இந்தம்மா வாயால எனக்கு இன்னிக்கு நஷ்டம், போங்க.”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தலை படபடவென்று ஆடியது. அவன் சட்டைப் பையில் கை விட்டான்.

அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. வாங்கவிடாமல் தடுக்கப் போய், விலையை அவரே இறக்கிக் கொடுத்துவிட்டார், பாவம்.

“தம்பி, எங்கிட்ட இருபத்திரெண்டு இருக்கு. ரெண்டே மாசம் பொறுத்துக்கோங்க, மீதியையும் கொண்டுவந்துடறேன். நான் கேட்டப்ப நூறுகூடக் குறைக்கலையே நீங்க…”

“ரெண்டு மாசமா? அவங்க கையில காசோட நிக்கிறாங்கம்மா. வியாபாரம் உங்களுக்குத் தெரியாததா?”

கணவன் மெஷினை அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தான். அம்மாள் பின்னாலேயே வாசல்வரை போனார். “இடிச்சுடாதீங்க, மெதுவா… மெதுவா வைங்க” என்று அவர் சொன்னது வேன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஏறப் போன பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. இறங்கித் திரும்பி வந்தாள்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்களும் இதுக்குத்தான் காசு சேர்த்துட்டிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா எனக்கும் வேற வழியில்லை, ரெண்டு குழந்தைங்க இருக்கு. அது சூடானா நூல் அறுக்குதுன்னீங்களே, அதைச் சரி பண்ற ஆள் யாராவது உங்களுக்குத் தெரியுமா?”

அம்மாள் அந்தப் பெண்ணின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு அழுதார். கடைக்காரர் காசு எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“அதுல ஒரு குறையும் கிடையாதும்மா… செத்துப்போன என் பொண்ணு ஆசை ஆசையா வாங்கின மெஷின்.”