சத்தம் பத்தாது

"சார், கடைக்கு வர்ற எல்லாரும் சத்தமே வராத ஃபேன் கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் இருக்கிறதிலேயே அதிகமா இரையறதைக் கேக்கறீங்க."

"இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க தம்பி."

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் அந்தக் கடையில் வேலை பார்க்கும் அவனைத் 'திருப்புளி' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் நீட்டிக்கொண்டிருக்கும். எத்தனையோ கிறுக்குகளைப் பார்த்துச் சமாளித்தவன். ஆனால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவர், கடை திறந்ததிலிருந்து அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

மேஜை முழுக்க ஃபேன்கள். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, தேங்காயைத் தட்டிப் பார்ப்பவர் போலக் காதருகே வைத்துக் கேட்டு, "பத்தாது" என்று தள்ளி வைத்தார்.

"ஃபேனை அப்புறம் பார்ப்போம் சார். முதல்ல ப்ராசஸர் சொல்லுங்க. கம்ப்யூட்டருக்கு மூளையே அதுதான்."

"இருக்கிறதுல மலிவானதைப் போடுங்க."

"மெமரி?"

"அதுவும் அப்படியே."

"மலிவாப் போட்டா கேம் திக்கித் திணறும் சார்."

"திணறட்டும். திணறினா சத்தம் கூடுமா?"

திருப்புளி பல்லைக் கடித்தான். "கூடும்."

"அப்ப சரி."

"கிராஃபிக்ஸ் கார்டு? விளையாட்டுக்கு அதுதான் உயிர். அதுலயாவது கை வைக்காதீங்க."

"அதுல சத்தம் வருமா?"

"அதுலயும் ஃபேன் இருக்கு. ஆனா நல்ல கார்டுன்னா ஓடுறதே தெரியாது."

"அப்ப நல்லது வேண்டாம். மட்டமானதைக் காட்டுங்க."

திருப்புளி ஏணி போட்டு ஏறி, பரணில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு பழைய கார்டை எடுத்து வந்து தூசி தட்டி மாட்டினான். கடகடவென்று அது ஆடிய ஆட்டத்தில் மேஜை மேலிருந்த ஸ்க்ரூக்கள் குதித்தன. பக்கத்துக் கவுன்ட்டர்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

பெரியவர் மட்டும் கண்ணை மூடிக் கேட்டார்.

"இதேதான். பழசும் இப்படித்தான் இரையும்."

"பழசு என்னாச்சு?"

"போயிடுச்சு. லைட் உண்டில்ல? கலர் கலரா மின்னணும். கதவுக்குக் கீழ வெளிச்சம் தெரியணும்."

"அதெல்லாம் ஜோரா தெரியும். மானிட்டர், கீபோர்டு?"

"வேண்டாம்."

பழசே இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். இது யாருக்கு?"

"பையன் ரூம்ல வைக்கத்தான். அடுத்த ரூம் எங்களுது. சுவர் தாண்டிக் கேக்கணும்." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டுக்காரி ஒழுங்காத் தூங்கி ஒரு மாசம் ஆச்சு தம்பி. மாத்திரையும் கேக்கலை. இப்படியே போனா அவ உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

திருப்புளிக்குப் பளிச்சென்று எல்லாம் புரிந்தது.

பையன் விடிய விடிய விளையாடுகிறான். கையும் களவுமாகப் பிடிக்க, அவன் தலைமாட்டிலேயே ஒரு சைரனைக் கட்டப் பார்க்கிறார் மனுஷன். திருப்புளியின் அப்பாவும் இதே ரகம்தான். முக்கியமான போட்டியின் நடுவில் மெயின் சுவிட்சையே அணைத்த புண்ணியவான்.

"சாயங்காலம் வாங்க சார். ரெடியா இருக்கும்."

அவர் தெருமுனை திரும்பியதும் வேலையை ஆரம்பித்தான். ஓட்டைக் கார்டு மறுபடி பரணுக்குப் போனது. அந்த இடத்தில் சத்தமே போடாத ஒரு கார்டு. கூடவே கடையிலிருந்ததிலேயே சாதுவான ஃபேன்கள். விலை வித்தியாசம் அவன் சம்பளத்தில். முகம் தெரியாத அந்தப் பையனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

சாயங்காலம் பெரியவர் வந்தபோது பெட்டியை ஒட்டித் தயாராக வைத்திருந்தான்.

"ஒரு தடவை ஓடவிட்டுக் காட்டுங்களேன்."

"பிரிச்சா மறுபடி ஒட்டணும் சார். வீட்டுல போய் ஆசை தீரக் கேளுங்க."

மறுநாள் ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் பெரியவர் பெட்டியோடு வந்து நின்றார். பக்கத்தில், கண்ணெல்லாம் சிவந்து வீங்கி, அவர் மனைவி.

"என்னய்யா செஞ்சு குடுத்திருக்க? சுவத்துல காதை வெச்சுக் கேட்டாச்சு. மூச்சுப் பேச்சில்லாம கிடக்கு. கதவுக்குக் கீழ வெளிச்சம் மட்டும் சினிமா காட்டுது. நேத்தும் இவ பொட்டுத் தூக்கம் தூங்கலை."

திருப்புளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"மாத்தினது நான்தான் சார். பையனை வேவு பார்க்க ஒரு கம்ப்யூட்டர் செஞ்சு தர எனக்கு மனசு ஒப்பலை. திட்டுறதுன்னா திட்டுங்க. ஆனா அவன் என்ன சொன்னான்? சந்தோஷப்பட்டானா இல்லையா?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் எங்க இதைப் பார்த்தான்? வேலை கிடைச்சு வெளியூர் போய் ஒரு மாசம் ஆச்சு. பழைய கம்ப்யூட்டரையும் கையோட தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார் பெரியவர்.

அந்த அம்மாள் பெட்டியைத் திருப்புளி பக்கம் நகர்த்தினாள்.

"இத்தனை வருஷமா, அந்தச் சத்தம் கேட்டு எழுந்து போயி, கதவைத் தட்டி, 'போதும்டா, அணைச்சுட்டுப் படு'ன்னு அவனைத் திட்டிட்டு வந்தாத்தான் தம்பி எனக்குக் கண்ணே அசரும். உள்ள ஒண்ணு இரைஞ்சாத்தானே நான் போய்த் தட்ட முடியும்?"